குறி அழிந்த 40 துளை ரிம்: எந்த ஹப்புக்கு உரியது என்று கண்டுபிடிப்பது எப்படி?

ஒற்றைச்சிலிண்டர் கேட்டது:

வணக்கம். 1950-களின் 350 சிசி பிரிட்டிஷ் ஒற்றைச் சிலிண்டர் வண்டி ஒன்றின் முன்சக்கரத்துக்கு ரிம் மாற்ற வேண்டும். இருப்பதை உள்பக்கம் துரு தின்றுவிட்டது. நாலைந்து நிப்பிள் (ஸ்போக்கை ரிம்மில் இறுக்கும் சிறு திருகு மூடி) குழிகளைச் சுற்றி வெடிப்பும் ஓடியிருக்கிறது. இனி அது தேறாது.

ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) ஒருபக்க ட்ரம் பிரேக், 7 அங்குலம். ட்ரம் பக்கத்தில் ஸ்போக் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 190 மி.மீ. மறுபக்கம் சின்ன ஃபிளாஞ்ச் (ஸ்போக் மாட்டும் ஹப் விளிம்பு), அதில் 80 மி.மீ. பக்கத்துக்கு 20 துளை. ட்ரம் பக்கம் குட்டை ஸ்போக், மறுபக்கம் நீள ஸ்போக்.

கையில் மூன்று ரிம் இருக்கிறது.

அ: டபிள்யூ.எம்.2-19 (அகலக் குறி 2, விட்டம் 19 அங்குலம்) என்று குத்தியிருக்கிறது. மற்ற எழுத்துகள் குரோமுக்கு அடியில் மங்கிவிட்டன. 40 துளை.

ஆ: எந்தக் குறியும் இல்லை. 40 துளை. வெளிவிளிம்பில் அளந்தால் விட்டம் 510 மி.மீ, அதாவது 20 அங்குலம் சொச்சம். வெளி அகலம் 61 மி.மீ.

இ: 1.85பி×18 என்று குத்திய ஜப்பானிய ரிம். 36 துளை.

கேள்விகள்: ஆ என்பது 20 அங்குல ரிம்மா? அ, ஆ இரண்டில் எது என் ஹப்புக்குச் சேரும், அல்லது இரண்டுமே சேருமா? பின்சக்கரத்தை 19-லிருந்து 18-க்கு மாற்றி 4.00 டயர் போடும் யோசனையும் இருக்கிறது. அதில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

நிப்பிள்கீ எழுதியது:

ஆ 20 அங்குலம் இல்லை, 19. இந்தக் குழப்பம் அடிக்கடி வருவதுதான். ரிம்மின் அளவு வெளிவிளிம்பில் எடுப்பதல்ல. டயரின் பீடிங் (டயரின் உள் ஓரம்) உட்காரும் படியில் எடுப்பது. அந்தப் படிக்கு மேல் விளிம்புச் சுவர் ஏறக்குறைய 14 மி.மீ எழும்பி நிற்கும். இரண்டு முனையிலும் சேர்த்தால் 28. அதனால் எந்த ரிம்மும் வெளியே தன் அளவைவிட ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே காட்டும்.

நிச்சயப்படுத்த ஸ்கேல் வேண்டாம். பேக்கிங் நாடா போல மெல்லிய, இழுபடாத நாடா ஒன்றைப் பீடிங் படியில் இறுக்கிச் சுற்றி, சேரும் இடத்தில் கோடு போட்டு, விரித்து அளக்கவும். 16 அங்குலத்துக்குச் சுற்றளவு 1277 மி.மீ, 18-க்கு 1436, 19-க்கு 1516, 20-க்கு 1596, 21-க்கு 1676. ஒவ்வொரு அங்குலத்துக்கும் 80 மி.மீ ஏறுவதால் நாலைந்து மி.மீ பிசகினாலும் முடிவு மாறாது.

உண்மையான 20 அங்குல ரிம்களும் உண்டு. 1930-களின் வண்டிகளில் முன்சக்கரத்துக்கு 3.00-20 (டயர் கனம் 3 அங்குலம், ரிம் 20) டயர் வந்தது. அந்தக் காலத்து டிரையம்ப் ஸ்பீட் ட்வின் ஒரு உதாரணம். பழைய புத்தகங்களில் இதை 26×3.00 என்று எழுதியிருப்பார்கள். அங்கே 26 என்பது ரிம் அல்ல, காற்றடித்த டயரின் மொத்த உயரம். இரு பக்கமும் டயர் கனத்தைக் கழித்தால் 20. அதே கணக்கில், அரை அங்குல மிச்சத்தை விட்டுவிட்டால், 26×3.25, 26×3.50 இரண்டும் 19 அங்குல ரிம். 27×4.00 என்பதும் 19தான். 27×2.75 மட்டும் 21. பழைய பாகப் பட்டியலில் 26 என்று பார்த்துவிட்டு 26 அங்குல ரிம் தேடி அலைபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அகலத்தையும் வெளியே அளக்கக் கூடாது. விளிம்புச் சுவர்களின் உள்முகம் முதல் உள்முகம் வரை வெர்னியரை வைக்கவும். டபிள்யூ.எம்.1 என்றால் 1.60 அங்குலம், 40.6 மி.மீ. டபிள்யூ.எம்.2 என்றால் 1.85, 47 மி.மீ. டபிள்யூ.எம்.3 என்றால் 2.15, 54.6 மி.மீ. டபிள்யூ.எம்.4 என்றால் 2.50, 63.5 மி.மீ. ஆ ரிம்மின் 61 மி.மீ வெளி அகலத்தைப் பார்த்து அதை டபிள்யூ.எம்.4 என்று நினைத்துவிட வேண்டாம். உள்ளே அளந்தால் 47 பக்கம் வரும், அதாவது டபிள்யூ.எம்.2.

ஜப்பானிய ரிம்மில் எண்ணுக்குப் பின்னால் வரும் ஏ, பி எழுத்துகள் விளிம்பின் வடிவத்தைக் குறிப்பவை. 1.60ஏ என்பதை டபிள்யூ.எம்.1-க்கும், 1.85பி என்பதை டபிள்யூ.எம்.2-க்கும், 2.15பி என்பதை டபிள்யூ.எம்.3-க்கும் இணையாக எடுத்துக்கொள்ளலாம். ஹோண்டா சிபி750-இல் முன்னால் 1.85பி×19, பின்னால் 2.15பி×18 இருந்தது. எம்.டி என்று குத்தியிருந்தால் அது பிற்கால ரிம். பீடிங் படி 5 டிகிரி சரிவாக இருக்கும். பழைய டயர் அதில் ஏறும்போது கடினமாக இருக்கும், படியில் முழுதாக உட்கார்ந்ததா என்று டயர் பக்கவாட்டுக் கோட்டைச் சுற்றிலும் பார்க்க வேண்டும்.

இ-யை ஒதுக்கி வைத்துவிடுங்கள். 40 துளை ரிம்மில் துளைக்குத் துளை 9 டிகிரி, 36-இல் 10 டிகிரி. ஹப்பில் நாலு துளையைக் காலியாக விட்டுக் கட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நாலு இடத்தில் சேரும், நடுவில் எல்லாம் கோணும்.

மிச்சமிருப்பது அ, ஆ. அளவும் துளை எண்ணிக்கையும் ஒன்றாக இருப்பதால் இரண்டும் சேரும் என்று முடிவுகட்ட வேண்டாம். குழிகளின் சாய்வுதான் முடிவு சொல்லும். அதற்கு முன் அந்தச் சாய்வை அளந்து போடுங்கள், பிறகு பேசலாம்.

இரட்டைக்குழல் எழுதியது:

ரெண்டும் 19, ரெண்டும் 40 துளை. இதுல என்ன யோசனை? நல்ல குரோம் இருக்கறதை எடுத்துக் கட்டுங்க. சாய்வு கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா நிப்பிள் தானா திரும்பிக்கும். அப்பவும் ஸ்போக் வளைஞ்சு நின்னா, நிப்பிளை ஒட்டி லேசா ஒரு தட்டு தட்டி நேராக்கிட்டா முடிஞ்சுது. துளையை ஒரு அரை மில்லி பெருசாக்கினாலும் போதும்.

கோட்டம் எழுதியது:

இரட்டைக்குழல் சார், கட்டும்போது வேலை முடிஞ்ச மாதிரிதான் தெரியும். ஓட ஆரம்பிச்ச பிறகுதான் பிரச்சினை.

ஸ்போக்கில் மெலிந்த இடம் மரை. நிப்பிள் ஒரு பக்கம் சாய்ந்து, ஸ்போக் வேறு பக்கம் போனால் வளைவு சரியாக மரையின் முதல் பள்ளத்தில் விழும். சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது ஒவ்வொரு ஸ்போக்கும் ஒரு முறை தளர்ந்து மறுபடி இறுகுகிறது. அந்த ஏற்ற இறக்கம் முழுதும் வளைந்த பள்ளத்தில் வேலை செய்தால் அங்கேதான் முறியும். முதல் ஸ்போக் போனதும் பக்கத்து இரண்டின் மேல் சுமை ஏறும், அப்புறம் அவையும் போகும். தட்டி நேராக்குவது இதைத் தடுக்காது. வளைவை மரையிலிருந்து இரண்டு மி.மீ தள்ளி வைக்கிறோம், அவ்வளவுதான். தட்டிய ஸ்போக்கின் இறுக்கமும் சீக்கிரம் தளரும்.

துளையைப் பெரிதாக்கினால் இன்னும் மோசம். ரிம்மின் பலம் அந்தக் குழியின் உருண்ட முகட்டில்தான் இருக்கிறது. நிப்பிளின் தலை அந்த முகட்டுக்குள் உருண்டையாக உட்கார வேண்டும். துளை அகலமானால் தலை ஓரத்தில் மட்டும் தொட்டு நிற்கும், ஓரம் கிழியும். கேட்டவர் தன் பழைய ரிம்மில் குழிகளைச் சுற்றி வெடிப்பு என்கிறாரே, அதே வெடிப்பு புது ரிம்மிலும் வரும்.

சாய்வு எவ்வளவு மாறும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 19 அங்குல ரிம்மில், நிப்பிள் உட்காரும் இடத்தின் விட்டம் 466 மி.மீ என்று வைத்துக்கொள்வோம். ஆரம் 233. இரு பக்கமும் 150 மி.மீ துளை வட்டம் உள்ள முழு அகல ஹப், ஸ்போக் ஹப்பில் கிளம்பும் புள்ளிக்கும் ரிம்மில் சேரும் புள்ளிக்கும் இடையே 36 டிகிரி. அப்படியானால் ரிம்மில் ஸ்போக், மையத்தை நோக்கிய கோட்டிலிருந்து 14 டிகிரி சாய்ந்து நிற்கும்.

இப்போது கேட்டவரின் ஹப். ட்ரம் பக்கம் 190 மி.மீ வட்டம், அதே 36 டிகிரி: சாய்வு கிட்டத்தட்ட 20 டிகிரி. சின்ன ஃபிளாஞ்ச் 80 மி.மீ, அங்கே நீள ஸ்போக் ஏறக்குறைய தொடுகோடாகப் போகும், 72 டிகிரி என்று வைத்தால் சாய்வு 10 டிகிரி. ஒரே ரிம்மில் ஒரு பக்கம் 20, மறுபக்கம் 10. முழு அகல ஹப்புக்குக் குத்திய ரிம்மை இதில் போட்டால் இரு பக்கமும் நாலு முதல் ஆறு டிகிரி பிசகும், அதுவும் எதிரெதிர்த் திசையில்.

நிப்பிளுக்குத் துளையில் கொஞ்சம் ஆட்டம் உண்டு. மூன்று டிகிரி வரை அது சமாளிக்கும் என்று நான் விட்டுவிடுவேன். ஐந்து, ஆறு என்றால் கட்ட மாட்டேன்.

இது முன்பின் சாய்வு. பக்கவாட்டுச் சாய்வும் இருக்கிறது: ஒவ்வொரு குழியும் தன் பக்கத்து ஃபிளாஞ்சை நோக்கித் திரும்பியிருக்கும். ட்ரம் பக்கத்து ஃபிளாஞ்சும் சின்ன ஃபிளாஞ்சும் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஒரே தூரத்தில் இருப்பது அபூர்வம் என்பதால் ஒருபக்க ட்ரம் ஹப்பின் ரிம்மில் இதுவும் இரு பக்கமும் வேறுவேறாக இருக்கும். ஆகவே அப்படிப்பட்ட ரிம்மைத் திருப்பிப் போட முடியாது. முழு அகல ஹப்பின் ரிம்மைத் திருப்பலாம், ஒன்றும் ஆகாது.

அளக்கும் முறை. பழைய நிப்பிள் ஒன்று, அதில் திருகிய நேரான ஸ்போக் துண்டு. நிப்பிள் தலையின் இருக்கையிலிருந்து கம்பி நுனி வரை சரியாக 200 மி.மீ வருமாறு வெட்டிக்கொள்ளவும். வால்வு துளைக்குப் பக்கத்திலிருந்து அடுத்தடுத்து நாலு துளைகளில் வெளியிலிருந்து விட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் குழிகளின் ஒழுங்கு நாலு நாலாகத் திரும்பத் திரும்ப வரும். 40 துளையில் பத்துத் தொகுதி. கம்பியை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஆட்டி நடுநிலையைப் பிடிக்கவும். ரிம்மின் குறுக்கே அந்தத் துளையிலிருந்து மையம் வழியாக ஒரு நூல் கட்டி, நூலிலிருந்து கம்பி நுனி முன்பின் எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளக்கவும். 10 டிகிரிக்கு 35 மி.மீ வரும். 14-க்கு 48. 20-க்கு 68. ஒரு துளையை நம்ப வேண்டாம், எதிர்ப்பக்கத் தொகுதியிலும் அளந்து சராசரி எடுக்கவும்.

நாலு துளைக்கும் நாலு எண், கூடவே எது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் எழுதிப் போடுங்கள்.

ஒற்றைச்சிலிண்டர் எழுதியது:

அளந்துவிட்டேன். சுற்றளவு இரண்டு ரிம்மிலும் 1514 முதல் 1517-க்குள். உள் அகலம் இரண்டிலும் 47 மி.மீ. நிப்பிள்கீ சொன்னபடி இரண்டும் டபிள்யூ.எம்.2-19தான்.

கம்பி விலகல், வால்வு துளைக்கு வலப்பக்கமிருந்து வரிசையாக:

அ: இடம் 70 முன், வலம் 36 முன், இடம் 72 பின், வலம் 35 பின்.

ஆ: இடம் 51 முன், வலம் 50 முன், இடம் 49 பின், வலம் 52 பின்.

அதாவது அ என் ஹப்புக்கு, ஆ முழு அகல ஹப்புக்கு என்று புரிந்துகொள்கிறேன். அ-வில் 70 உள்ள பக்கத்தை ட்ரம் பக்கம் வைக்க வேண்டும், சரியா? பழைய ஸ்போக்குகளையே போடலாமா? பின்சக்கர விஷயமும் பாக்கி.

கோட்டம் எழுதியது:

சரி. 70 உள்ள பக்கம் ட்ரம். ஆ-வை விற்றுவிடாதீர்கள், சமமான ஃபிளாஞ்ச் உள்ள ஹப் வந்தால் அது நேராக உட்காரும். பெயின்ட் மார்க்கரால் அதன் உள்பக்கம் ‘19, 2, 40, 50/50’ என்று எழுதி வையுங்கள். குறியற்ற ரிம்முக்கு நாமே போடும் குறி அதுதான்.

கட்டுவதற்கு முன் அ-வை ஒருமுறை சோதிக்கவும். தட்டையான கண்ணாடி மேல் படுக்க வைத்துச் சுற்றிலும் இடைவெளி பாருங்கள். ஓரிடத்தில் 2 மி.மீ-க்கு மேல் தூக்கினால் அது முறுக்கிய ரிம். ஸ்போக் இழுத்து நேராக்கலாம், ஆனால் அந்த ஸ்போக்குகள் மற்றவற்றைவிட அதிக இறுக்கத்தில் நின்று முதலில் போகும். வெல்டிங் சேர்ந்த இடத்தில் உள்பக்கம் விரல் வைத்துப் பாருங்கள், மேடு இருந்தால் டியூப்பைக் கடிக்கும். மறுகுரோம் பூசிய ரிம் என்றால் 40 துளையிலும் ஒரே நிப்பிளை விட்டுச் சுழற்றிப் பார்க்க வேண்டும். துளை ஓரத்தில் குரோம் தடித்தோ செதிலாகவோ நின்றால் நிப்பிள் கடித்துக்கொண்டு இறுக்கமாகிவிட்டது போலப் பொய் காட்டும். மறுகுரோமுக்கு முன் தேய்த்திருப்பார்கள். குழி முகடுகள் கூர்மை போய் மழுங்கியிருந்தால் அளவுக்கு மேல் தேய்த்திருக்கிறார்கள் என்று பொருள்.

பழைய ஸ்போக் வேண்டாம். இருந்தாலும் அதன் கேஜை (கம்பித் தடிமன் எண்) அளந்து வையுங்கள். தலைப் பக்கம் 8 கேஜ், மரைப் பக்கம் 10 கேஜ் என்று மெலிந்து வருவது அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகளில் சகஜம். 8 கேஜ் 4.06 மி.மீ, 9 கேஜ் 3.66, 10 கேஜ் 3.25. நடுவில் மட்டும் அளந்து 10 கேஜ் என்று வாங்கினால் ஹப் துளையில் தலை ஆடும். ஆடும் தலை வளைவில் முறியும். நிப்பிளை ஸ்போக்கோடு ஒரே இடத்தில் வாங்கவும். மரை வேறானால் இரண்டு சுற்று ஏறிப் பிடித்துக்கொள்ளும்.

நீளத்தைப் பழைய ஸ்போக்கிலிருந்து அப்படியே எடுக்க வேண்டாம். ஒரே 19 அங்குலம் என்றாலும் ரிம்மின் நடுவே ஓடும் பள்ளத்தின் (நடுப்பள்ளம்) ஆழம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். பழைய ரிம்மில் எதிரெதிர் குழி முகடுகளுக்கு இடையே ஒரு குச்சியை வெட்டிப் பொருத்துங்கள். அதே குச்சியை அ-வில் வையுங்கள். வரும் வித்தியாசத்தில் பாதியை ஸ்போக் நீளத்தில் கூட்டவோ கழிக்கவோ வேண்டும். ஸ்போக்கை வளைவின் உள்பக்கத்திலிருந்து மரை நுனி வரை அளப்பது வழக்கம். இறுக்கி முடித்தபின் நுனி நிப்பிளின் வெட்டுப் பள்ளத்தோடு சமமாக நிற்க வேண்டும், அல்லது ஒரு மி.மீ உள்ளே. வெளியே நீட்டினால் டியூப்பைக் குத்தும். ரொம்ப உள்ளே போனால் நிப்பிள் மரையின் பாதியில்தான் தொங்கும்.

பழைய சக்கரத்தை அவிழ்க்கும் முன் ஒரு வேலை. ட்ரம்மின் விளிம்பு முகத்தில் நேர்ச்சட்டம் வைத்து, சட்டத்துக்கும் ரிம்மின் ஓரத்துக்கும் உள்ள தூரத்தை நாலு இடத்தில் அளந்து சராசரியை எழுதி வையுங்கள். ரிம்மின் இருப்பிடம் ஹப்பின் நடுவிலேயே இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஒருபக்க ட்ரம்மில் அப்படி இருப்பதில்லை. இந்த ஒரு எண் இல்லாமல் கட்டினால் சக்கரம் ஃபோர்க்கில் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கும், பிறகு நாற்பதையும் தளர்த்த வேண்டியதுதான்.

கோக்கும்போது முதல் ஸ்போக்கைத் தவறான குழியில் விட்டால் எல்லாமே ஒரு துளை தள்ளிப்போகும். முன்பக்கம் சாயும் குழியில் பின்பக்கம் போகும் ஸ்போக் வந்து நிற்கும், அங்கே மேலே சொன்ன வளைவு 40 டிகிரிக்குக் காட்டும். கண்ணுக்கே தெரியும், தெரிந்ததும் அவிழ்த்துவிடுங்கள். வால்வு துளையின் இரு பக்கமும் உள்ள ஸ்போக்குகள் ஏறக்குறைய இணையாகப் போக வேண்டும், குறுக்கே வெட்டக் கூடாது. வெட்டினால் பம்ப் குழாய் உள்ளே போகாது.

கோட்டம் எடுக்கும்போது முதலில் மேலும் கீழுமான ஏற்ற இறக்கம், பிறகு பக்கவாட்டு. மாறி மாறி, ஒரு தடவைக்கு அரைச் சுற்றுக்கு மேல் வேண்டாம். 1970-களின் ஹோண்டா கையேடுகளில் இரண்டுக்கும் 2 மி.மீ கடைசி எல்லை. புதிதாகக் கட்டும் சக்கரத்தில் 1 மி.மீ-க்குள் கொண்டு வரலாம், வெல்டிங் இடத்தை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நிப்பிள்கீ எழுதியது:

பின்சக்கரம் 18 பற்றி.

ரிம் ஒரு அங்குலம் சிறுத்தால் ஆரம் 12.7 மி.மீ குறையும். கோட்டம் எடுத்த 150 மி.மீ ஹப் கணக்கையே தொடர்ந்தால், பக்கவாட்டுத் தூரம் 30 மி.மீ என்று வைத்து, 19-இல் ஸ்போக் 180.4 மி.மீ, 18-இல் 168.3. பன்னிரண்டு மி.மீ குட்டை. பழைய ஸ்போக்கில் மரை போட்டுக் குறைக்கலாமே என்று தோன்றும்; மெலிந்த பகுதியில் வெட்டிப் போட்ட மரை, ஆலையில் உருட்டிப் போட்ட மரையின் பலத்துக்கு வராது. புதிதாக வாங்குங்கள்.

குழிச் சாய்வு இந்த மாற்றத்தில் 14-லிருந்து பதினைந்தரைக்குத்தான் போகிறது. ரிம்மின் அளவைக் குறைப்பதால் சாய்வு பெரிதாகக் கெடுவதில்லை, ஹப்பை மாற்றினால்தான் கெடும். உங்கள் பின் ஹப்போடு ஒத்த ஃபிளாஞ்ச் வட்டமுள்ள வேறு வண்டியின் 18 அங்குல 40 துளை ரிம் கிடைத்தால் நம்பி எடுக்கலாம். கம்பியை விட்டுப் பார்த்துவிட்டு எடுங்கள். கிடைக்கவில்லையா, துளையிடாத ரிம்மை வாங்கி, ஹப்பையோ பழைய ரிம்மையோ மாதிரியாகக் கொடுத்துக் குழி குத்தச் சொல்வது மேல். ஹப்பைக் கொடுத்தால் எந்த ஸ்போக் ஃபிளாஞ்சின் உள்ளிருந்து வருகிறது, எது வெளியிலிருந்து வருகிறது என்று படத்தோடு கொடுக்கவும்.

4.00 டயருக்கு டபிள்யூ.எம்.3. டபிள்யூ.எம்.2-இலும் ஏறும், ஆனால் பீடிங் இரண்டும் நெருங்கி டயர் முட்டை வடிவாகும், நடுவில் மட்டும் தேயும். 3.00 முதல் 3.50 வரை டபிள்யூ.எம்.2 சரி.

மொத்த உயரம் பயப்படும் அளவுக்கு மாறாது. 3.25-19 என்றால் பெயரளவில் 25.5 அங்குலம், 4.00-18 என்றால் 26. அதனால் கியர் விகிதமோ வேகமானியோ தடுமாறாது. தடுமாறுவது அகலம். 4.00 என்றால் 102 மி.மீ. செயினுக்கும் டயருக்கும் இடையே, மட்கார்டுக்குள், ஸ்விங் ஆர்ம் முன்கோடியில் என மூன்று இடத்தில் பாருங்கள். செயினைத் தளர்த்தி அச்சை முழுதாக முன்னே தள்ளிய நிலையிலும் இடைவெளி இருக்க வேண்டும்.

எழுதி வைத்த ட்ரம்-ரிம் தூரத்தை அகல ரிம்மில் அப்படியே பயன்படுத்தாதீர்கள். அந்த எண் ரிம்மின் ஓரத்துக்கு எடுத்தது. வெளி அகலம் 61-லிருந்து 69 ஆனால் ஓரம் 4 மி.மீ வெளியே வரும். எண்ணையும் 4 மி.மீ மாற்றினால்தான் நடுக்கோடு பழைய இடத்தில் நிற்கும். இந்த நாலை மறப்பதால்தான் நன்றாகக் கட்டிய சக்கரம் செயின் பக்கம் உரசுகிறது.

இரட்டைக்குழல் எழுதியது:

200 மி.மீ கம்பி வெச்சு நானும் அளந்து பார்த்தேன், ஒத்துக்கறேன். ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். 650×65 டயருக்கான ரிம் ஒண்ணு இருக்கு. நடுவுல பள்ளமே இல்ல, ஓரம் ரெண்டும் உள்பக்கமா கொக்கி மாதிரி சுருண்டிருக்கு. இதுல 3.00 டயர் ஏறுமா?

நிப்பிள்கீ எழுதியது:

ஏறாது, ஏற்றவும் வேண்டாம். அது பீடெட் எட்ஜ் ரிம். 1920-களின் கடைசி வரை இருந்த முறை. அந்த டயரின் ஓரத்தில் கம்பி வளையம் கிடையாது; ரப்பர் நாக்கு ஒன்று கொக்கிக்குள் மாட்டி, காற்றழுத்தம் அதை வெளியே தள்ளிப் பிடித்து வைக்கிறது. காற்று இறங்கினால் பிடியும் போகும், அதனால்தான் அந்த டயர்களை அழுத்தம் குறையாமல் ஓட்ட வேண்டும். பலவற்றில் ரிம்மோடு டயரை இறுக்கும் செக்யூரிட்டி போல்ட்டும் உண்டு. 3.00-20 போன்றவை கம்பிப் பீடிங் டயர். ஏற நடுப்பள்ளம் வேண்டும், உட்காரத் தட்டையான படி வேண்டும். உங்கள் ரிம்மில் இரண்டுமே இல்லை. மாற்றிப் போட்டால் நிற்கும்போது பொருந்தியது போலத் தோன்றி, ஓடும்போது கழன்று வரும்.

பீடெட் எட்ஜ் டயர் கிடைத்தால் அதோடு கட்டுங்கள். இல்லையென்றால் அதே ஹப்புக்கு 21 அங்குல நடுப்பள்ள ரிம் குழி குத்தி வாங்கலாம். சாய்வைப் பழைய ரிம்மிலிருந்தே எடுக்கவும், அந்தக் காலத்து ஹப்கள் சின்னவை என்பதால் கம்பி 35 மி.மீ-க்குள்தான் விலகும்.

ஒற்றைச்சிலிண்டர் எழுதியது:

பழைய ரிம்மின் குச்சி அ-வில் 3 மி.மீ இடைவெளியோடு நிற்கிறது. அப்படியானால் ஸ்போக் ஒன்றரை மி.மீ நீளம் கூட வேண்டும், இரு பக்கத்துக்கும் அதே அளவா?

கோட்டம் எழுதியது:

நீள ஸ்போக்குக்கு ஒன்றரை. ட்ரம் பக்கத்துக் குட்டை ஸ்போக்கில் சாய்வு அதிகம் என்பதால் 1.4 வரும், அதை யாரும் வெட்டித் தர மாட்டார்கள். இரண்டுக்கும் ஒன்றரை என்றே சொல்லுங்கள். ட்ரம்-ரிம் தூரத்தை எழுதிவிட்டீர்களா? அவிழ்க்கும் முன் அது.